ஒன்பதில் எழும் நண்டு

மேற்குக்கடல் மல்யுத்தக் கழகத்தில் முப்பது ஆண்டுகளாக ஒருவர்கூடச் சாகவில்லை. கழகத்தின் பெருமைகளில் இதுவே முதலாவது என்பதால், பொன்னெழுத்தில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தின் முன்னறையில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியில் தொமோயே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் தெய்ஜி அந்தக் கழகத்தின் மேடையில் கழுத்து முறிந்து, அதனால் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நண்டுக்கொட்டகையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நண்டுக்கால்களை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல்களில் கடல் வாடை போகாது. அலுவலகத்துப் பெண் தேநீர் கொண்டுவந்தபோது கைகளைப் பைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

வரலாற்றுப் பிரிவின் தலைவர் சொனோபே அவளை உள்ளே கூப்பிட்டார். மெலிந்த மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார். நண்டுப்பிடி காலம் தொடங்கியதும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, சகாய்மினாதோ துறைமுகத்து அரங்கில் கழகம் நடத்துகிற பெருவிழாவுக்கு 'மாபெரும் அலை' என்று பெயர். இது முப்பதாவது அலை. அதையொட்டி விழாவின் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவரும் பொறுப்பு சொனோபேயினுடையது.

"மணியஞ்சலி வேணும்னு கேட்டிருக்கீங்க. யாருக்குன்னு எனக்குப் புரியல" என்றார்.

"என் வீட்டுக்காரருக்கு. குரோசகா தெய்ஜி."

"லாரி ஓட்டுநர்."

"லாரியும் ஓட்டினார்."

"ரொம்ப நல்ல ஓட்டுநர். ஒரு கம்பத்துல இடிச்சதில்ல."

"இடிநண்டும் அவர்தானே."

சொனோபே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சாத்தினால் சந்தேகம் வரும் என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பிப் போய்ப் பாதி திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குரோசகா-சான், இடிநண்டு இப்ப மத்சுவேயில ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் பல் தேய்க்கக் கத்துக்கொடுத்துட்டிருக்குது. பதினோரு மணிக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு நாங்க எப்படி மணி அடிக்கறது?"

மல்யுத்த உலகில் ஒருவர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ மணியஞ்சலி செலுத்துவது வழக்கம். விளக்குகளைத் தாழ்த்துவார்கள். வீரர்கள் மேடையைச் சுற்றித் தலைகுனிந்து நிற்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கவும் முடிக்கவும் அடிக்கிற அதே வெண்கல மணியைப் பத்துத் தடவை, ஒவ்வொன்றும் முழுதாக அடங்கும்வரை விட்டு விட்டு அடிப்பார்கள். விழுந்து கிடப்பவனுக்கு நடுவர் பத்து எண்ணுவது போலத்தான். பத்தாவது ஓசை அடங்கிய பிறகு, எழுந்து வா என்று அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

"போன வருஷம் நூடுல்ஸ் கடைக்கு அடிச்சீங்களே" என்றாள் தொமோயே.

"அது மூடின கடைங்க. திரும்பத் திறக்கறாங்களான்னு ஆறு மாசம் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் அடிச்சோம்."

"அதுக்கு முந்தி துறைமுகத்துப் பழைய பாலத்துக்கு."

"பாலத்தை இடிச்சாச்சு. அதுல சந்தேகமே இல்ல."

"கழகத் தலைவருக்கு ஆறு தடவை அடிச்சீங்க."

"தலைவர் ஆறு தடவை ஓய்வு பெற்றார்" என்றார் சொனோபே. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் தலை குனியவில்லை. ஏன் அந்த நேரத்தில் தன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார் என்று தொமோயே பிறகு யோசித்தாள்.

கழகத்தின் விதிப்படி இடிநண்டு ஒன்றுதான். அது பேசாது. அதற்கு வயதாகாது. எவ்வளவு அடிபட்டு விழுந்தாலும் நடுவர் ஒன்பது எண்ணும்போது எழுந்துவிடும். சிவப்பு முகமூடிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது கேள்வியே அல்ல. முகமூடிக்கு உள்ளே இடிநண்டு இருக்கிறது.

தெய்ஜி எட்டு வருடம் அந்த நண்டாக இருந்தான். சம்பளப் பட்டியலில் அவன் மேடையை ஏற்றி இறக்கும் லாரியின் ஓட்டுநர். அக்கம்பக்கத்துக்கும் அப்படித்தான் தெரியும். முகமூடியைத் தொமோயே குளியலறைக்கு உள்ளேயே துவைத்து உள்ளேயே காயப்போடுவாள். ஒருமுறை மேல்வீட்டுக்காரி தன் வீட்டுத் தண்ணீர் கீழே ஒழுகுகிறதா என்று வந்து பார்த்து, "என்னங்க, உங்க வீட்டுல சிவப்பு ஜட்டியை இவ்வளவு ஜாக்கிரதையா காயப்போடறீங்க?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க தெய்ஜி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை எழுப்புவது பெரும்பாடு. சனிக்கிழமை வாங்கிய அடியெல்லாம் ஞாயிறு காலையில்தான் உடம்பில் இறங்கும். அவள் அடுக்களையில் மிசோ சூப்பைக் கிண்டிக்கொண்டே நடுவர் குரலில் எண்ணுவாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழு வரைக்கும் போர்வை அசையாது. எட்டில் ஒரு கால் வெளியே வரும். ஒன்பதில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கொடுக்குப் போல உயர்த்தி, வாய்க்குள் கூட்டத்தின் ஆரவாரத்தைத் தானே போட்டுக்கொள்வான். பத்து என்ற எண்ணை அவள் அந்த வீட்டில் உச்சரிக்க நேர்ந்ததே இல்லை.

பத்தொன்பதாவது மாபெரும் அலையில் அவன் மேல்கயிற்றிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தான். எதிராளி விலகிக்கொள்ள வேண்டும் என்பது பேசிவைத்தது. யார் வெல்வது, எந்த நிமிடத்தில் வெல்வது எல்லாமே பேசிவைத்ததுதான். ஊருக்கே தெரியும், தெரியும் என்று ஊர் சொல்லாது. எதிராளி சரியாக விலகினான். தெய்ஜிதான் சரியாக விழவில்லை. தொமோயே பின்வரிசையில் யாரோ ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். நடுவர் எண்ணினார். ஒன்பது என்று சொல்லிக் கையை உயர்த்தியவர் உயர்த்தியபடியே நின்றுவிட்டார். திட்டத்தில் பத்து இல்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அரங்கம் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது விளக்குகள் அணைந்தன. மறுபடி எரிந்தபோது மேடையின் நடுவில் இடிநண்டு இரண்டு கொடுக்குகளையும் உயர்த்திக்கொண்டு நின்றது. கூட்டம் கூரையைப் பிய்த்தது. காகிதச் சுருள்கள் பறந்தன. தொமோயேயும் எழுந்து கை தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். பிறகுதான் அந்த நண்டின் இடது தோள் தெய்ஜியுடையதைப் போலத் தாழாமல் நேராக இருப்பதைக் கவனித்தாள். தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள். சற்றுப் பொறுத்து ஒலிபெருக்கி, சாமான் இறக்கும்போது வழுக்கி விழுந்த லாரி ஓட்டுநரின் வீட்டார் யாரேனும் இருந்தால் பின்வாசலுக்கு வரும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டது.

மருத்துவமனையில் அவன் சில நாள் கிடந்தான். கூடத்து டிவியில் இடிநண்டு வெவ்வேறு ஊர்களில் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக் கிழவர், "உன் புருஷனும் இந்த நண்டு மாதிரி எந்திரிச்சிடுவான், பாரேன்" என்று ஆறுதல் சொன்னார். அவள் அவன் காதருகே குனிந்து எண்ணினாள். ஒன்பது வரை எண்ணுவாள், நிறுத்துவாள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். அவன் இறந்தபோதும் அவள் ஏதோ ஓர் எண்ணில்தான் இருந்தாள்.

பதினோரு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறு காலையும், யாருமில்லாத வீட்டில் அவள் ஒன்பது வரை எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்பார்களோ என்ற பயமல்ல. நிறுத்தச் சொல்வார்கள் என்ற பயம். பத்தைத் தன் வாயால் சொல்ல அவளால் முடியாது. வேறு யாராவது, அதற்கென்றே இருக்கிறவர்கள், முறைப்படி, மணியால் சொல்லிவிட்டால் தேவலை என்று இந்த வருடம் தோன்றிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வலிக்கிறது. எவ்வளவு நாள்தான் ஒருவரை எழுப்பிக்கொண்டே இருப்பது.

வரலாற்றுக் குழுவின் முன்னால் நேரில் சொல்லிப் பாருங்கள் என்று சொனோபேதான் அவளுக்கு நாள் வாங்கிக் கொடுத்தார்.

நீள மேசையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் கழகத்தின் தலைவர் ஹச்சியா. அறுபத்தெட்டு வயது. ஆறுமுறை ஓய்வு பெற்றவர். ஓய்வில் இருந்தபடியே நடப்புச் சாம்பியன். அவருக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வரலாற்றில் நிறுத்தற்குறிகளை மட்டும் திருத்துவார். அந்தப் பக்கம் துறைமுக நண்டு வியாபாரிகளின் பிரதிநிதி.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். மூன்றாவது அலையன்று சூறாவளி வந்து கூரையைக் கொண்டுபோனதால் ஆட்டமே நடக்கவில்லை. வரலாற்றில் வெற்றியாளர் பெயர் இல்லாமல் எப்படி விடுவது என்ற கேள்வி எழுந்தது. சூறாவளி வென்றதாக எழுதலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். சூறாவளி விதிகளை மீறியதால் அதைத் தகுதிநீக்கம் செய்து, அன்று வீட்டில் படுத்திருந்த தலைவர் ஹச்சியா வென்றதாக ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பதின்மூன்றாவது அலை என்ற ஒன்று நடக்கவே இல்லை. எண் ராசியில்லை என்று பன்னிரண்டிலிருந்து பதினான்குக்குப் போய்விட்டார்கள். இப்போது முப்பதாண்டு வரலாற்றில் ஓர் ஆண்டு குறைகிறது. பதின்மூன்றாவது அலையை மூன்று பக்கத்துக்கு எழுதினார்கள். எழுதி முடித்து வாசித்தபோது எல்லா அலைகளிலும் அதுவே சிறந்ததாக இருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு மேடையில எனக்கு எப்படி இருந்துதுன்னு இப்பவும் ஞாபகம் இருக்குது" என்றார்.

பிறகு பத்தொன்பது வந்தது. சொனோபே வாசித்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"பத்தொன்பதாவது அலையில் இடிநண்டு மேல்கயிற்றிலிருந்து பாய்ந்தது. நடுவர் எண்ணினார். இடிநண்டு வழக்கம்போல் ஒன்பதில் எழுந்தது."

"வழக்கம்போல்-க்கு அப்புறம் ஒரு காற்புள்ளி" என்றார் தலைமையாசிரியர்.

தொமோயேக்குக் கோபம் வரவேண்டும். வரும் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் அந்த வாக்கியம் அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பொய்தான். அந்தப் பொய்யில் அவன் எழுந்திருந்தான். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னால் வாசிப்பார்களா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"அவர் எந்திரிக்கல" என்றாள்.

யாரும் அதிரவில்லை. வியாபாரிகளின் பிரதிநிதிதான் முதலில் பேசினார். "அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நவம்பர் மாசம், சீசன் தொடங்கற வாரம், நண்டு செத்துப்போச்சுன்னு மைக்ல சொல்லி மணி அடிச்சா யாருங்க நண்டு வாங்குவா? உங்க கொட்டகைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

தலைவர் ஹச்சியா எழுந்தார். அவர் உட்கார்ந்துகொண்டு பேசிப் பழக்கமில்லை.

"குரோசகா-சான். ஒளிவுமறைவில்லாம பேசறேன். இந்தக் கழகத்துல யாரையும் நாங்க சாக விடறதில்ல. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் எழுந்திடறான். இதுக்குப் பேருதான் குடும்பம். வேற எந்தக் கம்பெனி தன்னோட ஆளை இப்படி விட்டுக்கொடுக்காம வச்சிருக்கும்? உங்க வேதனை எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. போறவனோட வலி எனக்குத் தெரியும்மா. நான் ஆறு தடவை போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்த மணியைக் கேட்டுட்டு நின்னிருக்கேன். உங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவைதான்."

குழுவில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு, இடிநண்டு உயிரோடு, நல்ல உடல்நலத்தோடு, முப்பதாவது அலைக்குத் தயாராக இருப்பதை உறுதியாக அறிவித்தார்.

"சாகலியா?" என்றாள் தொமோயே.

"சாகல."

"பத்தொன்பதாவது வருஷம் மேடையில பாய்ஞ்சதும் இப்ப இருக்கறதும் ஒரே ஆளா?"

"ஒரே இடிநண்டு."

"அப்ப வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள் அவள். "பதினோரு வருஷமா வீட்டுக்கு வரல."

அவள் வாதத்தில் ஜெயிக்கச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான், தான் கேட்டதை உண்மையாகவே விரும்புவது அவளுக்குத் தெரிந்தது.

குழு அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஆலோசித்தது. மறுத்தால் இரண்டு நண்டுகள் இருந்ததாக ஆகிவிடும். விதிகளைப் புரட்டிப் பார்த்ததில் இடிநண்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்று எங்கும் இல்லை. முடிவை சொனோபே வந்து சொன்னார். அடுத்த ஞாயிறு பகல் இடிநண்டு குடும்பத்தைப் பார்க்க அனுமதி. முகமூடி கழற்றக்கூடாது. மணியஞ்சலியும் உண்டு, ஆனால் நண்டுக்கு இல்லை. இந்த ஆண்டு கழகத்தின் பழைய லாரி ஓய்வு பெறுகிறது. அதற்குப் பத்துத் தடவை மணி அடிக்கப் போகிறார்கள்.

"அடிக்கும்போது நீங்க மனசுக்குள்ள யாரை வேணா நினைச்சுக்கலாம்" என்றார் சொனோபே. இம்முறை தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. "என்னால முடிஞ்சது இவ்வளவுதான், குரோசகா-சான். இதுக்கே நான் லாரியோட நெருங்கின நண்பன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாசல்மணி அடித்தது. சிவப்பு முகமூடியும் கோட்டுச் சட்டையுமாக இடிநண்டு நின்றது. கையில் ஒரு பெட்டி பேரிக்காய். தொமோயே பெட்டியை வாங்கிக்கொண்டாள். விதிப்படி அது பேசவில்லை. மேல்வீட்டுக்காரி படியில் நின்று பார்த்துவிட்டு, "உள்ள வரச்சொல்லுங்க, பாவம், குளிருது" என்றாள்.

உள்ளே வந்ததும் அது செருப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று நின்றது. பிறகு சன்னமான குரலில் பேசியது. சின்னப் பையன் இல்லை. முப்பத்தைந்து வயதுக் குரல்.

"மன்னிச்சுக்கங்க அண்ணி. வீட்டுல பேசலாமான்னு கேட்டேன். அதைப் பத்தி முடிவெடுக்க நேரமில்லைன்னுட்டாங்க."

"பேரு என்ன?"

"தெய்ஜின்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

அவள் அடுப்படிக்குப் போனாள். திரும்பிவரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஓதாகிரி" என்றான் அவன் அதற்குள் யோசித்து. "வெளியில சொல்லிடாதீங்க. பட்டியல்ல நான் லாரிக்கு சாமான் ஏத்தறவன்."

"தெரியும். சாப்பிடு. முகமூடியை மூக்கு வரைக்கும் தூக்கிக்க. அவரும் அப்படித்தான் சாப்பிடுவார், வெளியூர்ல."

முள்ளங்கியும் மீனும் வேகவைத்திருந்தாள். தெய்ஜியின் கிண்ணத்தில் சோறு போட்டாள். மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நண்டு இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. அவளும் கொட்டகையில் மீந்ததை எடுத்துவைக்கவில்லை. கழுத்தின் பின்பக்கம், முகமூடியும் சட்டைக் காலரும் சேரும் இடத்தில், மருத்துவப் பட்டை ஒட்டியிருந்தது.

"கழுத்து எப்படியிருக்கு?"

"காலையில கொஞ்சம் திரும்ப மாட்டேங்குது. நடக்க நடக்க சரியாயிடும்."

"அவரும் அதைத்தான் சொன்னார்" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு போகவில்லை.

சாப்பிட்டுவிட்டு, போர்வை போர்த்திய சூடேற்றும் மேசைக்கடியில் காலை நீட்டியவன் அப்படியே தூங்கிப்போனான். சனிக்கிழமை ஆட்டம் இருந்திருக்கும். மூன்று மணிக்கு அவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். தொமோயே பாத்திரம் கழுவிக்கொண்டே, பழக்கத்தில், தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. நாலு வந்தபோதுதான் கவனித்தாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எட்டில் போர்வைக்கு வெளியே ஒரு கால் வந்தது. ஒன்பதில் சிவப்பு முகமூடி எழுந்து நின்று, அரைத்தூக்கத்தில், இரண்டு கைகளையும் கொடுக்குப் போல உயர்த்தியது.

தொமோயே குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் அவள் பின்னால் வந்து நின்றான். காலணி மாட்டும்போதுதான் கேட்டான்.

"அண்ணி, நீங்க பத்து வரைக்கும் எண்ணினதே இல்லையா?"

"இல்ல."

"சொல்ல வரலியா?"

"அவர் எந்திரிச்சிடுவாரே" என்றாள். "எந்திரிச்சிடுவார்னுதான்."

முப்பதாவது மாபெரும் அலையில் அவளுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். நாற்காலியில் ஒட்டியிருந்த தாளில் 'லாரியின் குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து வாசித்துவிட்டு, ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். பைக்குள் தெய்ஜியின் படம் இருந்தது. வெளியே எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லாரி ஓட்டுநரின் முகத்தை நண்டோடு ஒரே அரங்கில் காட்டுவது விதிக்குப் புறம்பு. அவள் பையின் வாயைக் கொஞ்சம் திறந்துவைத்தாள்.

லாரியை அரங்கத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முன்கண்ணாடியில் கறுப்பு நாடா. தலைவர் ஹச்சியா மேடையேறி மைக்கை வாங்கினார்.

"இருபது வருஷத்துக்கு மேல எங்களைச் சுமந்தான். ஒரு நாள் லீவு கேட்டதில்ல. எங்க நிறுத்தினாலும் நின்னான், எப்பக் கிளப்பினாலும் கிளம்பினான். பனியில போனான், மழையில போனான். அவன் பேரு எந்தச் சுவரொட்டியிலயும் வரல. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. கடைசியில அச்சு முறிஞ்சப்பகூட சத்தம் போடல. தன்னால ஆட்டம் நிக்கக்கூடாதுன்னு ஓரமாப் போய் நின்னுட்டான்."

தலைவர் அழுதார். நன்றாக அழக்கூடியவர். அரங்கமும் அழுதது. லாரிக்காக இவ்வளவு பேர் அழுவதைத் தொமோயே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சொல்லும் சரியாக இருந்தது. யாரைப் பற்றி என்பது மட்டும்தான் தவறியிருந்தது.

விளக்குகள் தாழ்ந்தன. வீரர்கள் மேடையைச் சுற்றி நின்றார்கள். மணிமேசைக்குப் பக்கத்தில் இடிநண்டு தலைகுனிந்து நின்றது. முதல் ஓசை எழுந்து, கூரைவரை போய், அடங்கியது.

இரண்டாவதில் அவள் அவன் தூக்கத்தைக் கேட்டாள். மூன்றாவதில் மிசோ சூப்பின் வாசனை வந்தது. சிவப்பு ஜட்டி என்று சொல்லி அவன் சிரித்தது ஐந்தாவதில். ஏழுவரைக்கும் போர்வை அசையவில்லை. எட்டாவது ஓசை அடங்கியபோது அவள் முன்வரிசை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

ஒன்பது.

உடனே விளக்குகள் பளீரென்று எரிந்தன. தாரையும் முரசும் முழங்கின. தலைவர் ஹச்சியாவின் நுழைவிசை. அஞ்சலியைப் பாதியில் வெட்டிக்கொண்டு யாராவது ஓடிவருவது மாபெரும் அலையின் பழைய மரபு. சற்றுமுன் அழுதுகொண்டு போனவர் பளபளக்கும் அங்கியில் வந்து, ஆறாவது ஓய்விலிருந்து தான் மீண்டுவிட்டதாக அறிவித்தார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. மணி அடிப்பவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

தொமோயே மட்டும் இன்னும் ஒன்பதில் இருந்தாள். நடுவரின் கை இன்னும் மேலே இருந்தது. பதினோரு வருடமாக அந்தக் கை இறங்கவில்லை. அவள் தன் வாயிலிருந்து ஒரு சொல் வருவதைக் கேட்டாள். பத்து அல்ல.

"எந்திரிங்க" என்றாள். "எந்திரிங்க, நேரமாச்சு."

அத்தனை சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்க நியாயமில்லை. இடிநண்டு அவள் பக்கம் திரும்பியது. கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பியது. அவளை ஒருமுறை பார்த்தது. மணிமேசையிலிருந்து சுத்தியலை எடுத்து, மணியை ஒரே ஒரு தடவை அடித்தது.

முரசுக்கு நடுவில் அது சின்ன ஓசை. அவள் காதில் முழுதாக விழுந்தது, அடங்கும்வரை விழுந்தது.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு புரிந்துகொண்டு கூரையைப் பிய்த்தது. தலைவர் ஹச்சியா நாற்பதாண்டு அனுபவசாலி. கண்ணை உருட்டி மைக்கைப் பிடித்தார். "ஏய் நண்டே, மணி அடிச்சு என்னையே சண்டைக்குக் கூப்பிடறியா? வா, அடுத்த வருஷம் இதே மேடையில உன் கொடுக்கை ஒடிக்கறேன்." காகிதச் சுருள்கள் நாலா பக்கமும் பறந்தன. சிவப்பும் மஞ்சளுமாகத் தொமோயேயின் தலையிலும் தோளிலும் திறந்திருந்த பையிலும் விழுந்தன. அவள் எழுந்து நின்று இடுப்பை வளைத்து வணங்கினாள். பக்கத்து நாற்காலிக்காரர் லாரிக்கு என்று நினைத்துத் தானும் வணங்கினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

வரலாற்றுப் புத்தகத்தை சொனோபே தபாலில் அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் முப்பதாவது அலை. "லாரிக்கான அஞ்சலியின்போது இடிநண்டு மணியை அடித்துத் தலைவருக்குச் சவால் விடுத்தது. முப்பத்தொன்றாவது அலையில் இருவரும் மோதுவர். கழகத்தில் இன்றுவரை ஒருவரும் இறக்கவில்லை." பத்தொன்பதாவது அலையின் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தாள். வழக்கம்போல் என்பதற்குப் பிறகு காற்புள்ளி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் மிசோ சூப் கொதித்தது. தொமோயே கரண்டியோடு நின்றாள். அன்று அவள் எண்ணவில்லை. அந்த வீடு இவ்வளவு அமைதியானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.